நியூசிலாந்துல கேம்பர் வேன் எடுக்கறீங்களா? கவுண்டர்ல வாயால சொல்ற "ஓகே"வை நம்பாதீங்க

இந்த பிப்ரவரில குயின்ஸ்டவுன்ல கேம்பர் வேன் (உள்ளயே படுத்து, சமைச்சுக்கற வேன்) வாடகைக்கு எடுத்து ஒன்பது நாள் சுத்தினோம், நான், வீட்டுக்காரர், பத்து வயசுப் பொண்ணு. கம்பெனி பேரைச் சொல்லல, ஆனா நடந்ததை அப்படியே எழுதறேன், இன்னொரு குடும்பம் மாட்டக்கூடாது.

வேன் எடுக்கும்போதே கவுண்டர்ல இருந்த பையன்கிட்ட தெளிவாவே கேட்டோம், வானகா ஊர் வழியாப் போய் ராப் ராய் கிளேசியர் (பனிப்பாறை) பாக்க மலை நடை போறோம், கடைசி 30 கிலோமீட்டர் தார் கிடையாதாமே, இந்த வேனை எடுத்துட்டுப் போலாமான்னு. "மெதுவா போங்க, எல்லாரும் போறாங்க"ன்னான். அதோட, எது ஆனாலும் ஒரு பைசா கட்ட வேணாம்னு சொல்லி நாளைக்கு 45 டாலர்ல ஃபுல் கவர் இன்சூரன்ஸும் எடுக்க வெச்சான், மொத்தம் 405 டாலர்.

வானகால இருந்து, நடை ஆரம்பிக்கற ராஸ்பெர்ரி கிரீக் பார்க்கிங் 54 கிலோமீட்டர். தார் முடிஞ்சதும் ஒரே ஜல்லி, அங்கங்க ஓடை ரோட்டு மேலேயே ஓடும், மழை பெஞ்சா கடக்கவே முடியாது, எங்க நேரம் அன்னிக்கு தண்ணி கம்மி. எதிர்ல வேகமா வந்த ஒரு ஜீப்ல இருந்து கல் தெறிச்சு முன் கண்ணாடில டக்குன்னு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா கீழ் மூலைல மிளகு சைசுக்கு ஒரு புள்ளி, அவ்ளோதான்.

நடை அருமை, அதுல குறையே இல்ல. மட்டுகிட்டுகி ஆத்து மேல தொங்குபாலம், அப்புறம் பீச் மரக்காட்டுக்குள்ள ஏத்தம், போக வர 10 கிலோமீட்டர். மேல உக்காந்து தயிர்சாதம் சாப்பிடும்போது எதிர் மலைல ஐஸ் உடைஞ்சு விழுந்த சத்தம் இடி மாதிரி, பொண்ணு என் கையை விடவே இல்ல.

வேனைத் திருப்பி விட்டப்ப வேற ஆள் இருந்தாரு. வேன் எங்கெங்க போச்சுன்னு காட்டற டிராக்கர்ல பாத்துட்டு, மண் ரோட்ல போயிருக்கீங்க, அக்ரிமென்ட்டை மீறிட்டீங்க, அதனால இன்சூரன்ஸ் செல்லாதுன்னுட்டாரு. அபராதம் 300 டாலர், முழுக் கண்ணாடி மாத்த 780 டாலர், நாங்க ஆக்லாந்து வீடு வந்து சேர்றதுக்குள்ள கார்டுல எடுத்துட்டாங்க! அந்தப் புள்ளியை கண்ணாடிக் கடைல பசை ஊத்தி அடைச்சாலே சரியாயிருக்கும், அதைச் சொன்னா காதுலயே வாங்கல. உங்க ஸ்டாஃப்தான் போகச் சொன்னார்னு மெயில் போட்டா, எழுத்துல இருக்கான்னு பதில்.

அவன் சொன்னது எழுத்துல இல்ல. எழுத்துல இருக்கறது அக்ரிமென்ட்ல எட்டாம் பக்கம், கேம்ப்சைட்டுக்குப் போற சின்ன வழி தவிர மண் ரோடு கூடாதுன்னு பொடி எழுத்துல. நாங்க படிக்கல, அது எங்க தப்பு. ஆனா கேட்டவங்ககிட்ட போலாம்னு சொல்லி, செல்லாத இன்சூரன்ஸை வித்தது யார் தப்பு?

அதனால போற ரோட்டு பேரைப் போட்டு மெயில்ல கேளுங்க, பதில் வராம சாவியை வாங்காதீங்க. ராப் ராய்க்கு வானகால இருந்தே ஷட்டில் போகுது, வேனை ஊர்ல விட்டுட்டு அதுல போங்க. வேன் எடுக்கும்போதும் விடும்போதும் கண்ணாடியை கிட்டக்க வீடியோ எடுங்க.

தப்பான தகவல் சொல்லி விக்கக்கூடாதுன்னு இங்க 1986லயே ஃபேர் டிரேடிங் சட்டம் இருக்கு. டிஸ்பியூட்ஸ் டிரிபியூனல்ல (சின்ன வழக்குக்கான கோர்ட்டு மாதிரி) கேஸ் போட்டாச்சு, வக்கீல் வேணாம், நாமளே பேசலாம். ரசீது, போட்டோ, மெயில் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன், ஹியரிங் தேதிக்குக் காத்திருக்கோம்.