பாடசாலைகளுக்குப் பிணை நிற்கும் நிதியம்: ஒரு மதிப்பீடு

வங்கிக் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திட இரண்டு அரச உத்தியோகத்தரைத் தேடி உவர்மலை முழுவதும் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நிரந்தரப் பாடசாலை நிதியம் வழங்கும் முறி (கடன் பத்திரம்) உத்தரவாதச் சேவையைப் பற்றி வாசித்தபோது, கடன் கேட்டு நின்ற அந்தக் கண்ணோடுதான் அதை எடைபோட்டேன்.

நம் ஊர்ப் பாடசாலை கடன் வாங்குவதில்லை. நான் அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இருந்த காலத்தில், ஒழுகும் கூரைக்காக மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவோம். பதில் வராவிட்டால் கனடாவிலுள்ள பழைய மாணவர்களுக்கு எழுதுவோம். டெக்ஸாஸிலோ பாடசாலை மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரச பாடசாலைகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) தாமே சொத்துவரி அறவிட்டு, வாக்காளர் சம்மதத்துடன் முறிகளை வெளியிட்டுக் கட்டடம் எழுப்புகின்றன. பெயர் அறியப்படாத சிறிய மாவட்டத்திடம் முதலீட்டாளர் கூடுதல் வட்டி கேட்பது இயல்பு. 1854ஆம் ஆண்டு 20 இலட்சம் டொலருடன் தொடங்கிய இந்த நிதியம், 1983இன் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் அத்தகைய மாவட்டங்களுக்குப் பிணை நிற்பதால், அவற்றின் முறிகளும் நிதியத்தின் ஏ.ஏ.ஏ. என்ற அதியுயர் கடன் தரத்தையே பெறுகின்றன. 20 மில்லியன் டொலர் கடனில் வட்டி கால் வீதம் குறைந்தால், தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 டொலர் மிஞ்சும். ஏற்கெனவே உயர்தரம் பெற்ற செல்வந்த மாவட்டத்துக்கு இதனால் பெரிய இலாபம் எதுவுமில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது, தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதில் உள்ள தெளிவு. பணம் கட்ட முடியாத மாவட்டம் தவணை நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே கல்வி ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். நிதியம் முதலீட்டாளருக்குரிய தொகையைச் செலுத்திவிட்டு, அம்மாவட்டத்துக்கு அடுத்து வரவேண்டிய மாநில உதவிப் பணத்திலிருந்து அதை வட்டியுடன் பிடித்துக்கொள்ளும். சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் கடனைப் போன்றதே இது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்திய இலங்கையில் வாழும் எனக்கு, திறைசேரியின் வெறும் வாக்குறுதியைவிடத் தனியே ஒதுக்கிய முதலீடும் பிடித்துக்கொள்ள ஒரு வருமானமும் கொண்ட பிணையே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

குறை இல்லாமலில்லை. மத்திய வரி விதிகள் வகுத்த உச்சவரம்பை எட்டியதால், 2009இல் புதிய உத்தரவாதங்கள் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் தனியார் முறிக் காப்புறுதி நிறுவனங்கள் பல உயர்தரத்தை இழந்திருந்தன. மழை கொட்டும் வேளையில் குடையைப் பறித்த கதைதான். பின்னர் வரம்பு உயர்த்தப்பட்டது. 2014 முதல், அரச நிதியில் தனி அமைப்புகள் நடத்தும் சாசனப் பாடசாலைகளும் இச்சேவையில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுக்குச் சொத்துவரி அறவிடும் அதிகாரம் இல்லை. அங்கே பிணையாளியாக நான் இருந்திருந்தால், இன்னொருவரின் கையெழுத்தையும் கேட்டிருப்பேன்.