மூஸ் வேட்டை முகாம்: வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு தகும், முகாம் நடத்துகிறவர்களிடம் முதலில் நாலு கேள்வி கேளுங்கள்

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவரிலிருந்து தோட்டத்துக்குப் பால் கறக்க வருகிறவர் வரைக்கும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, கனடாவுக்குப் போய் மான் சுட்டுட்டு வந்தீங்களாமா?" அது மூஸ் என்கிற பெரிய மான் சாதி, சுட்டது நான் இல்லைங்க. டொராண்டோவில் இருக்கிற என் மச்சினன் சுட்டான், நான் பக்கத்தில் ஈரப் பாசிமேல் உட்கார்ந்து பார்த்தேன், அதற்கே என் பங்காக 2,000 கனடா டாலர் வாங்கிவிட்டார்கள், நம் காசில் ஒன்றேகால் லட்சம் ரூபாய். துப்பாக்கியே தொடாமல் கூட வருகிற ஆளுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பது அங்கே போய் இறங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மச்சினனுக்கு முன்னமே தெரியும் போல, வாயைத் திறக்கவில்லை.

ஆளாளுக்குச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே விடுகிறேன். முகாம் நடத்துகிறவர்களின் பேரைப் போடவில்லை. ஒரு குடும்பமாக நடத்துகிற சின்ன முகாம், நல்லதும் செய்தார்கள், எரிச்சலும் மூட்டினார்கள்.

போன இடம் நியூஃபவுண்ட்லாந்து, கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கிற தீவு. செப்டம்பர் கடைசி. அந்த மாதத்தில் அங்கே மணி நமக்குச் சரியாக 8 மணி நேரம் பின்னால். நம்மைப் போலவே அவர்களும் அரை மணிக் கணக்கு வைத்திருப்பதால் வீட்டுக்குப் போன் போடக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம், மூஸ் அந்தத் தீவின் பிராணியே கிடையாது. 1904-இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நாலே நாலு மூஸைக் கொண்டுவந்து ஹவ்லி என்கிற ஊர்ப் பக்கம் விட்டிருக்கிறார்கள். தீவில் இருந்த ஓநாய்கள் 1930 வாக்கில் அற்றுப்போயின, அப்புறம் கேட்க ஆளில்லை, இன்றைக்கு லட்சத்துக்கு மேல் திரிகின்றன. ஃபர் மரக் கன்றுகளை மேய்ந்து காட்டையே மறுபடி தலையெடுக்க விடாமல் செய்வதால் க்ரோஸ் மார்ன், டெரா நோவா என்கிற இரண்டு தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே 2011-லிருந்து கணக்கு வைத்துச் சுட்டுக் குறைக்கிறார்கள். "நம்ம சத்தியமங்கலம் பக்கம் இப்படிப் போக முடியாதுங்களா" என்று கேட்ட தம்பிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, கடமானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

டொராண்டோவிலிருந்து டீர் லேக் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் காரில் ஓர் ஏரிக்கரை, ஏரியிலிருந்து தண்ணீரில் இறங்குகிற மிதவை விமானம். காரைக் கொடுத்த அம்மா சாவியைக் கையில் தருவதற்குள் மூன்று தடவை சொன்னார், பொழுது சாய்ந்தபிறகு ஓட்டாதீர்கள் என்று. மூஸுக்குக் கால் அவ்வளவு உயரம், கார் மோதினால் கால்தான் முறியும், உடம்பு அப்படியே முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு நம் மடிக்கு வந்துவிடும். நானூறு கிலோ. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் இப்படி மோதுகிறார்களாம்.

இனி என் முதல் குறை. ஏரிக்கரைக்குப் போனால் மூடுபனி, எதிர்க்கரை தெரியவில்லை, விமானம் ஏறாது. இரண்டு நாள் அங்கேயே விடுதியில் கிடந்தோம், வாடகை எங்கள் கையிலிருந்து. ஆறு நாள் வேட்டை என்று பேசி மச்சினன் கட்டின 7,500 டாலரில் இரண்டு நாள் பனியோடு போய்விட்டது, நாளை நீட்டித்தும் தரவில்லை, காசும் திரும்பவில்லை, கேட்டால் ஒப்பந்தத் தாளின் அடியில் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார்கள். பனியை அவர்கள் உண்டாக்கவில்லை, சரி. ஆனால் அந்தப் பருவத்தில் அந்த ஊரில் பனி இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? முன்பணம் வாங்குகிற அன்றைக்கே "ஒன்றிரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் பனி விலகியது. வாழைத்தாரை எடை போடுகிற மாதிரி பையையும் ஆளையும் தராசில் நிறுத்தினார்கள். விமானம் டி ஹாவிலண்ட் பீவர், அந்த வகை முதன்முதலில் பறந்தது 1947 ஆகஸ்ட் 16-இல், அதாவது நாம் கொடியேற்றின மறுநாள். அதைக் கேட்டதும் ஏறலாமா வேண்டாமா என்று இருந்தது. சத்தம் நம் பழைய டீசல் பம்புசெட்டேதான். எடை கூடிவிட்டது என்று என் பையிலிருந்து கொள்ளும் பருப்புப் பொடியும் கரையில் நின்றுவிட்டன, வரமிளகாய்ப் பொட்டலத்தை மட்டும் ஜாக்கெட்டுப் பைக்குள் திணித்துக் கொண்டுபோனேன்.

துணி விஷயத்தில் ஒன்று. திருப்பூர்க்காரன் பருத்தியைக் குறை சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், அங்கே பருத்திப் பனியன் ஆகாது. நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நம் கம்பெனி சரக்கு ஆறு உருப்படி எடுத்துப்போயிருந்தேன், முதல் நாள் சாயங்காலமே வழிகாட்டி அதையெல்லாம் கழற்றச் சொல்லித் தன்னுடைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் வேண்டும், ஏனென்றால் அங்கே தரை என்று ஒன்று இல்லை, எல்லாம் பஞ்சு மாதிரி அமுங்குகிற சதுப்பு, நாற்று நடுகிற வயலில் நாள் முழுக்க நடக்கிற கதை. நடுவில் குளம் குளமாகத் தண்ணீர். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர்களுக்கு அது குளம்தான், நம் ஒரத்துப்பாளையம் அணையைக் காட்டினாலும் குளம் என்றுதான் சொல்வார்கள்.

அந்த வழிகாட்டியைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டியவர். காட் மீன் பிடித்துக்கொண்டிருந்த குடும்பம், 1992-இல் கனடா அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியபோது படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் காட்டு வேலைக்கு வந்திருக்கிறார். நாம் பேச்சுக்குப் பேச்சு "ங்க" போடுவோமே, அந்த மாதிரி அவர் எல்லாவற்றுக்கும் "பை" போடுவார், ஆங்கில "பாய்"தான் அங்கே "பை" ஆகிவிடுகிறது, "எஸ் பை", "கம் ஆன் பை". எங்களைப் போல வெளியிலிருந்து போகிறவர்கள் உரிமம் உள்ள வழிகாட்டியோடுதான் மூஸ் வேட்டைக்குப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். முதலில் அதை வீண் செலவு என்று நினைத்தேன். முதல் நாள் முடிவதற்குள் அந்த நினைப்புப் போய்விட்டது, அவர் இல்லாவிட்டால் நாங்கள் மூஸைப் பார்ப்பது இருக்கட்டும், முகாமுக்கே திரும்பியிருக்க மாட்டோம்.

மூஸுக்குக் கண் மட்டம், மூக்கும் காதும் பிரமாதம். அதனால் அவர் அடி வைக்கிறதெல்லாம் காற்றைப் பார்த்துத்தான். சின்னக் குப்பியில் மாவு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஊதி ஊதிப் பார்ப்பார், இரண்டாம் நாள் குப்பி காலி. என் சட்டைப் பையில் பழனித் திருநீறு இருந்தது, கொடுத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து விட்டார், புகை மாதிரி நூல் பிடித்துப் போயிற்று. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அது என்ன என்று கேட்டார், மாட்டுச் சாணியைச் சுட்ட சாம்பல் என்றேன், மீதியைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் மூஸ் இணைசேர்கிற காலம். பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்து அவர் பெண் மூஸ் மாதிரி குரல் கொடுப்பார். முதல் தடவை கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, பருவத்துக்கு வந்த கிடேரி கட்டுத்தறியில் நின்று கத்துமே, அதே கத்தல், இங்கே என்றால் சினை ஊசி போடுகிறவருக்குப் போன் போட்டிருப்போம். கத்திவிட்டு ஒரு காய்ந்த தோள்பட்டை எலும்பை எடுத்துப் புதரில் தேய்ப்பார், இன்னொரு கிடா கொம்பை உரசுகிற மாதிரி. அப்புறம் சும்மா இருப்பது. அரை மணி, ஒரு மணி. இருமக் கூடாது, பிஸ்கட் உறையைப் பிரிக்கக் கூடாது. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று நடுராத்திரியில் மோட்டார் ரூமில் காத்துக் கிடந்தவனுக்கு இது பழக்கம்தான். மச்சினனுக்குத்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கால் மரத்துப்போனது.

வேட்டையின் மூன்றாம் நாள் விடிகாலை, கத்தி முக்கால் மணி ஆன பிறகு, ஆல்டர் புதருக்குள் மரம் முறிகிற சத்தம். "மச்சான், அசையாதீங்க" என்றான் மச்சினன், நான் மூச்சே விடவில்லை. முதலில் கொம்புதான் தெரிந்தது, இரண்டு முறத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி, அதற்குக் கீழே தாடி தொங்குகிற நீள மூஞ்சி. டாப்ஸ்லிப்பில் காட்டெருமை பார்த்திருக்கிறேன், கனத்தில் அதுதான் பெரிது, ஆனால் இந்த நெட்டைக் கால் உயரம் அதற்குக் கிடையாது. நூறு மீட்டர் சுமார் இருக்கும். வழிகாட்டி மச்சினனின் தோளில் விரலை வைத்திருந்தார், மூஸ் பக்கவாட்டில் திரும்புகிற வரைக்கும் எடுக்கவில்லை. இரண்டு குண்டு. விழுந்த பிறகும் பத்து நிமிஷம் எங்களைக் கிட்டே விடவில்லை. எனக்குச் சந்தோஷமா என்றால் இல்லை, வயிற்றுக்குள் என்னவோ செய்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வேலையே அதற்குப் பிறகுதான். முகாமில் எட்டுச் சக்கர வண்டி ஒன்று உண்டு, இறைச்சியை அதில்தான் ஏற்றுவோம் என்று விளம்பரத்தில் படமே போட்டிருந்தார்கள். அன்றைக்கு அது பெல்ட் அறுந்து நின்றது, மாற்று பெல்ட் கரையில். இது இரண்டாவது குறை. நாலு கால் சப்பையும் விலா இறைச்சியும் துணிப்பைகளில் கட்டி, இரண்டு கிலோமீட்டர் சதுப்பில் மூன்று பேரும் முதுகில் சுமந்தோம், பின்சப்பை ஒன்றே நாற்பது கிலோவுக்குக் குறையாது. வழிகாட்டி எங்களைவிட ஒரு நடை அதிகம் போனார். அந்த வயதில்.

சமையல்காரர் தங்கமான மனுஷன். உப்புக்கண்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் போட்டு வேகவைத்ததுதான் அவர்களுக்கு விருந்துச் சாப்பாடு, நான் மாடு சாப்பிடுவதில்லை என்றதும் முகம் கோணாமல் எனக்கு மட்டும் காட் மீன் வறுத்தார். கூடவே பட்டாணிப் பருப்பைத் துணியில் கட்டி வேகவைத்துக் கடைந்து தருகிறார்கள், நம் பருப்புக் கடைசலுக்கு அண்ணன் தம்பி, சீரகமும் பூண்டும்தான் பாக்கி. காலையில் ரொட்டி மாவைப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார், கச்சாய வாசம் வந்தது. மூஸ் மாடு இல்லைங்க, மான் சாதி, அதில் எனக்குத் தடையில்லை. கொண்டுபோன வரமிளகாயைக் கிள்ளிப்போட்டுப் பள்ளிபாளையம் மாதிரி ஒரு சட்டி வறுத்தேன், தேங்காய்ப் பல் இல்லை, சின்ன வெங்காயமும் இல்லை, இருந்தாலும் சட்டி காலி. கொழுப்பே இல்லாத கறி, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும்.

வெட்டிப் பொட்டலம் போட்டு உறைய வைப்பதற்கும் தனிக் காசு வாங்கினார்கள், அதுவும் முன்பே சொல்லாததுதான். நாற்பது கிலோ டொராண்டோவுக்கு வந்தது, மீதியை வழிகாட்டியின் ஊரில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். கொம்பு மச்சினனின் கார் ஷெட்டில் கிடக்கிறது, வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள்.

கிளம்புகிறபோது வழிகாட்டிக்கு மச்சினன் கொடுத்ததுபோக நானும் 200 டாலர் கையில் வைத்தேன். அவர் கேட்டது காசை இல்லை, திருநீற்றுப் பொட்டலத்தை. கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது மச்சினன் அடுத்த வருஷம் கனடாவின் வடமேற்குக் கோடியில் இருக்கிற யூகான் போகலாம் என்கிறான், அங்கே மூஸ் இன்னும் பெரிது, காசு பல மடங்கு. "மாப்ள, பனி நாளுக்கு யார் காசு கட்டுறதுன்னு முதல்ல எழுதி வாங்கு, அப்புறம் பேசலாம்" என்றேன். இன்னும் பதில் வரவில்லை.