லுக்கர் ஸ்டூடியோவில் மாத ரிப்போர்ட்: அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள்

கடலூரில் புதிதாக எஸ்இஓ (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும்) வேலை எடுத்திருக்கும் நண்பர் கேட்டது ஒரே கேள்வி: "கிளையண்டுக்கு எவ்வளவு காட்டணும்?" லுக்கர் ஸ்டூடியோ, தளத்தின் எண்களை சார்ட்டாக்கிக் காட்டும் கூகுள் கருவி, டேட்டா ஸ்டூடியோ என்ற பெயரில் இருந்த காலம் தொட்டு புழங்குவது. சர்ச் கன்சோலை (கூகுள் தேடலில் தளம் எங்கே வருகிறது, எத்தனை கிளிக் என்று சொல்லும் கருவி) இணைப்பது, சார்ட் போடுவது எல்லாம் தெரிந்ததுதான். எரிச்சல் ஒரே இடத்தில்: 'சராசரி இடம்' என்ற பெட்டி.

பாண்டி ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் என்று வைத்துக்கொள்வோம். ரூம் தேடல்களில் 1,000 இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தளம் தலைகாட்டிய எண்ணிக்கை), நாலாவது இடம். தளத்தில் ஆரோவில் மாத்ரிமந்திர் போவது எப்படி என்று ஒரு கட்டுரை ஏற்றுகிறோம். அதற்கும் 1,000 இம்ப்ரெஷன், ஆனால் 40ஆவது இடம். ரூம் தேடலில் ஒரு கிளிக் கூடக் குறையவில்லை. பெட்டியில் மட்டும் 4 போய் 22 வந்து, பக்கத்தில் சிவப்பு அம்பு. "என்ன தம்பி, நாலுல இருந்தோமே, இருபத்திரண்டுக்கு விழுந்துட்டோமா?" என்று போன் வரும். இந்த எண் இம்ப்ரெஷன் கணக்கில் எடுத்த சராசரி. புதிதாக ஒரு தேடலில் தலைகாட்டினாலே கெட்டுப்போகும். கிளையண்டுக்கு இதைப் போனில் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

உல்டாவும் உண்டு. 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் வரவழைக்கும் வழியைக் கூகுள் அடைத்ததும், பின்னால் கிடக்கும் இடங்கள் கணக்கில் வருவது குறைந்து, பல தளங்களில் இம்ப்ரெஷன் சரிந்து சராசரி இடம் மேலே ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கும் பச்சை அம்பு. அந்த மாதம் அதைக் காட்டிப் பெருமை பேசியவர்கள் பிறகு சிவப்புக்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்!

மறைப்பது ஏமாற்று இல்லையா என்றால், பெட்டியை எடுத்துவிட்டு, காசு கொண்டுவரும் ஆறேழு தேடல்களின் இடத்தைத் தனித்தனியாகக் காட்டலாம். நாடு இந்தியா, சாதனம் மொபைல் என்று ஃபில்டர் போடவும். பிரான்ஸிலிருந்து விருந்தினர் வரும் இடமென்றால் அதற்குத் தனி வரிசை. ஊர்ப்பெயரில் கவனம். 2006லேயே புதுச்சேரி ஆகிவிட்டாலும் தேடுகிறவர்கள் பாண்டிச்சேரி, பாண்டி என்றும் அடிக்கிறார்கள். மூன்றையும் ரெஜெக்ஸ் ஃபில்டரில் (பல சொற்களை ஒன்றாகப் பிடிக்கும் ஃபில்டர்) நெடுங்கோடு (|) இட்டுச் சேர்க்காவிட்டால் பாதித் தேடல்கள் கணக்கில் வராது.

இன்னொரு பொறி: தேடல் அட்டவணையைக் கிளையண்ட் கூட்டிப் பார்ப்பார், மேலே உள்ள மொத்தக் கிளிக்கைவிடக் குறையும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக சர்ச் கன்சோல் வெளியிடுவதில்லை. அட்டவணைக்குக் கீழே இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் ஒரு சண்டை மிச்சம்.

மெயில் ஷெட்யூலை 1ஆம் தேதிக்கு வைக்காதீர்கள். டேட்டா இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் வரும். மாதக் கடைசி நாட்கள் காலியாகப் போகும். 5ஆம் தேதி சரி. ஒப்பீடும் போன மாதத்தோடு வேண்டாம், போன வருட அதே மாதத்தோடு. நியூ இயர் கூட்டம் கலைந்த ஜனவரியை டிசம்பரோடு வைத்துப் பார்த்தால் எந்த லாட்ஜும் தேறாது. சர்ச் கன்சோல் 16 மாதம் வைத்திருப்பதால் இதற்குப் போதும்; அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதாமாதம் ஷீட்டில் இறக்கி வைக்கவேண்டும்.

எண்களில் கஞ்சம், வேலைப் பட்டியலில் தாராளம். தேதி, பக்கத்தின் முகவரி, பழைய டைட்டில், புதிய டைட்டில், மாற்றிய காரணம், வேறு தளங்களிலிருந்து கிடைத்த லிங்க் ஒவ்வொன்றின் முகவரி, எல்லாம் போகட்டும். பழைய டைட்டிலை எழுதிவைக்காதவர்கள் கிளிக் விழும்போது திரும்பப் போக வழியில்லாமல் முழிப்பார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு கிளையண்ட் வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டால்? போகட்டும், அவர் காசில் நடந்த வேலை. சர்ச் கன்சோல் ஓனரும் அவராகவே இருக்கட்டும். டொமைன் டிஎன்எஸ்ஸில் (தளப் பெயரின் அமைப்புப் பதிவு) அவர் கணக்கிலேயே வெரிஃபை செய்து, நமக்கு 'ஃபுல்' யூசர் அனுமதி வாங்கினால் போதும்.

காசில்லாமல் கிடைப்பதில் இதைவிட ஒழுங்கான கருவி கண்ணில் படவில்லை, ஐந்துக்கு நாலரை. ஆனாலும் நண்பருக்குச் சொன்னது, லைவ் லிங்க்கைக் கிளையண்டுக்குக் கொடுக்காதே. மொபைலில் திறந்து தேதியை இன்று வரை இழுப்பார், கோடு சுழியத்தில் விழும், உடனே போன். ஒரு பக்க பிடிஎஃப் போதும், தலையில் இப்படி மூன்று வரி தமிழில்:

ரூம் விலைப் பக்கம்: கிளிக் 210, இப்போது 260.
கூகுள் மேப்பிலிருந்து அழைப்பு: 31, இப்போது 38.
மாத்ரிமந்திர் கட்டுரை இன்னும் 40லேயே நிற்கிறது; பார்வை நேரமும் பார்க்கிங் விவரமும் சேர்க்கிறோம்.