தடைக்கால நிவாரணத்தை ஒரு கோர்ஸுக்குக் கொடுத்த கதை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்துல இருந்து யாரு இதைப் படிச்சாலும் பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க. மீன்பிடித் தடைக்காலம் வந்தா நம்ம வீடுகள்ல கையில காசு குறையும், போனைப் பார்க்கிற நேரம் கூடும். அந்த ரெண்டையும் கணக்கு வச்சுத்தான் ஒரு கூட்டம் வருது. நான் மாட்டினேன். மாட்டினதோட நிக்கல, இன்னும் ரெண்டு பேரை இழுத்தும் விட்டேன்.

நான் பி.காம் படிச்சவ. இதை முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் யாரும் வந்து 'படிக்காத பொம்பளைங்கதான் இப்படி ஏமாறும்'னு கமெண்ட் போட வேண்டாம்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பன் புது ரயில் பாலம் திறந்தாங்கல்ல, அந்த வாரம் பூரா என் போன்ல பாலம்தான். தூக்கு ஏறுது, இறங்குது, கீழே கப்பல் போகுது. தினம் பார்க்கிற கடலை ரீல்ஸ்ல பார்த்து வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தோம். அதுக்கு நடுவுல ஒரு பொண்ணு வந்துச்சு. கார்ல உட்கார்ந்துக்கிட்டு, 'எத்தனை நாளைக்குக்கா வீட்டுக்காரர் கையையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க?'ன்னு என் முகத்தைப் பார்த்துக் கேட்ட மாதிரி கேட்டுச்சு. அஃபிலியேட் மார்க்கெட்டிங்காம், அதாவது அடுத்தவங்க பொருளை நம்ம லிங்க் மூலமா வித்துக் கொடுத்தா கமிஷன். வீட்டுல இருந்தே, போன் மட்டும் இருந்தாப் போதுமாம். நான் தள்ளிவிட்டுட்டேன். ஆனா ஒரு தடவை நின்னு பார்த்தா அது விடுமா? மறுநாள்ல இருந்து பாலம் குறைஞ்சு அந்த மாதிரி ஆளுங்களே வர ஆரம்பிச்சாங்க.

ஏப்ரல் 15 தடை ஆரம்பம். ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்க வீட்டுக்காரர் போட்ல கூலிக்குப் போறவர், பங்குல வர்றதுதான் வருமானம். தடை தொடங்கின நாலாம் நாள் கேரளாப் பக்கம் போட்டுக்குக் கிளம்பிட்டார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, குழுக் கடன் தவணை எல்லாம் என் தலையில. அந்த நேரத்துலதான் அந்தக் கார் பொண்ணு வீடியோவுல இருந்த லிங்கைத் தொட்டேன்.

ராத்திரி 8 மணிக்கு ஜூம் மீட்டிங். வீட்டுக்குள்ள டவர் நிக்காது, மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். பேசினவர் நல்லாத்தான் பேசினார். அவர் அம்மா இட்லி வித்த கதை சொன்னார், அழுதார், நானும் அழுதேன். ஓரத்துல 'பணம் கட்டிட்டேன் சார்', 'ஜாயின் பண்ணிட்டேன் சார்'னு வரிசையா ஓடிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில மூணு பேக்கேஜ் காட்டினாங்க. 2,499, 6,999, 14,999. எந்த பேக்கேஜ்ல சேர்றோமோ அந்த விலை வரைக்கும் நாம விக்கலாம், வித்ததுல 60 சதவீதம் நமக்கு. 'இன்னைக்குப் பன்னிரண்டு சீட்தான்'னு சொல்லி, பணம் கட்டுற பக்கத்துல ஒரு கடிகாரம். 10 நிமிஷத்துல இருந்து கீழே இறங்குது.

நெட் கட் ஆச்சு. திரும்பத் திறந்தேன். கடிகாரம் மறுபடியும் 10 நிமிஷத்துல இருந்து ஆரம்பிச்சுது.

அதை அப்பவே பார்த்தேன். அன்னைக்குக் கட்டல. ஆனா அதுக்கப்புறம் தினம் ரெண்டு போன். 'சிஸ்டர், சிஸ்டர்'னு அப்படி ஒரு பாசம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்குல ஏறின மறுநாள் 6,999 கட்டிட்டேன். மிச்சம் 1,001 ரூபாய். மொய் வைக்கிற மாதிரி ஒரு தொகை.

கோர்ஸ்னு வந்தது 42 வீடியோ. முதல் ஒன்பதும் மனசை மாத்துங்க, பெருசா நினைங்க, நெகட்டிவ் ஆளுங்ககிட்ட இருந்து தள்ளி நில்லுங்க. யாரு நெகட்டிவ் ஆளு? 'இது சரிப்படுமா?'ன்னு கேட்கிறவங்க எல்லாரும். அப்புறம் கேன்வாவுல படம் போடுறது எப்படின்னு கொஞ்சம். அதை யூடியூப்ல சும்மாவே பார்க்கலாம். அதுக்கு மேலதான் விஷயம் வருது. ஒரு நோட்டு எடுத்துத் தெரிஞ்சவங்க பேர் 100 எழுதணும். சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, குழுவுல இருக்கிறவங்க. யாருக்குக் கடன் இருக்கோ அவங்க பேர் பக்கத்துல ஸ்டார் போடணும், அவங்களைத்தான் முதல்ல கூப்பிடணும், ஏன்னா 'அவங்களுக்குத்தான் தேவை அதிகம்'. விலையை முதல் போன்ல சொல்லக் கூடாது. காசு வந்த மாதிரி ஸ்கிரீன்ஷாட் அவங்களே செஞ்சு தருவாங்க, பேர் போடுற இடம் மட்டும் காலியா இருக்கும். நாம ஒரு பைசா பார்க்கிறதுக்கு முன்னாடியே அதை ஸ்டேட்டஸ்ல வைக்கணும். என்னைக் கூப்பிட்ட அந்தக் கார் பொண்ணு காட்டினதும் அதே நீலக் கலர் ஸ்கிரீன்ஷாட்தான். அதைப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்க வேண்டியவ, என் பேரை டைப் பண்ணி ஸ்டேட்டஸ் வச்சேன்.

நோட்டுல 63 பேர் எழுதினேன். 11 பேருக்குப் போன் போட்டேன். உச்சிப்புளியில இருக்கிற மதினி 2,499 பேக்கேஜ்ல சேர்ந்தாங்க. 'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லித்தான் சேர்ந்தாங்க. ரெண்டு நாள்ல என் கணக்குக்கு 1,500 ரூபாய் வந்துச்சு. உண்மையாவே வந்துச்சு. அந்த மெசேஜை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன்னு எனக்கே தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், என் வாழ்க்கையில நான் தனியாச் சம்பாதிச்ச முதல் காசு அது. மதினி காசுலதான் எனக்குச் சம்பளம் வந்திருக்குன்னு அப்ப உறைக்கல.

ரெண்டாவது, எங்க சின்னம்மா மகள். சின்னம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. பாறையில கை கிழியாம இருக்க விரல் விரலாத் துணி சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி எடுப்பாங்க. சாயங்காலம் வந்து அந்தத் துணியைப் பிரிக்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். அவங்க மகளுக்கு நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். தோட்டை அடகு வச்சு 6,999 கட்டிச்சு. எனக்கு வர வேண்டியது 4,200.

வரல. டேஷ்போர்டுல, அதான் அவங்க சைட்டுல நம்ம கணக்கைக் காட்டுற பக்கத்துல, பச்சைக் கலர்ல 4,200-னு நிக்குது, பேங்க்குக்கு மட்டும் வரல. முதல்ல கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, பெண்டிங்னாங்க. அப்புறம் 'டிடிஎஸ் 850 ரூபாய் கட்டுங்க சிஸ்டர், கட்டினதும் ரிலீஸ் ஆயிடும்'னாங்க. அங்கதான் தூங்கிக்கிட்டு இருந்த என் பி.காம் முழிச்சுது. டிடிஎஸ்னா காசு கொடுக்கிறவனே வரியைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறது. வாங்கப் போறவகிட்ட முன்கூட்டியே கட்டச் சொன்னா அதுக்குப் பேர் வேற. அதுவும் கமிஷனுக்கு, வருஷத்துல 20,000 ரூபாய் தாண்டினாத்தான் டிடிஎஸ்ஸே, அதுவும் 2 சதவீதம். இதைச் சொன்னேன். உடனே பேச்சு மாறிடுச்சு: 'உங்க பேக்கேஜ் லிமிட் முடிஞ்சிருச்சு, இன்னும் 8,000 கட்டி 14,999-க்கு அப்கிரேட் ஆகுங்க.'

அன்னைக்கு ராத்திரிதான் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன், திட்டல.

'என்ன சாமான் அது?'

'கோர்ஸ்.'

'வாங்கினவங்க அதை வச்சு என்ன பண்ணுவாங்க?'

'அவங்களும் அடுத்தவங்களுக்கு விப்பாங்க.'

'அவங்ககிட்ட வாங்கினவங்க?'

'அவங்களும்தான்.'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'ஏம்மா, கரையில ஏலம் எடுத்தவன் ஏவாரிக்கு விப்பான், ஏவாரி கடைக்காரனுக்கு விப்பான், எத்தனை கை மாறினாலும் கடைசியில ஒருத்தன் குழம்பு வச்சுத் தின்பான்ல. இதை யாரு திங்கிறது?'

போனை வச்சதும் நோட்டோட கடைசிப் பக்கத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்ட 6,999-ஐ நான் எடுக்கணும்னா ரெண்டு பேரைச் சேர்க்கணும். அந்த ரெண்டு பேரும் எடுக்கணும்னா நாலு பேர். பதினைஞ்சாவது சுத்து முடியும்போது எனக்குக் கீழே 65,534 பேர் இருக்கணும். 2011 கணக்கெடுப்புல ராமேஸ்வரம் நகராட்சி மொத்தமே 44,856 பேர்தான், கைப்பிள்ளை உள்பட. அந்த 65,534 பேரையும் எங்கிருந்தாவது பிடிச்சுச் சேர்த்துட்டாலும், கடைசிச் சுத்துல வந்த 32,768 பேருக்கு ஒரு பைசா திரும்பாது.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: 'இந்தக் கோர்ஸைத் தவிர வேற ஏதாவது பொருள் வித்து யாராவது சம்பாதிச்சிருக்கீங்களா?' நாலு நிமிஷத்துல என்னைத் தூக்கிட்டாங்க. ரீஃபண்ட் கேட்டேன். கட்டின 24 மணி நேரத்துக்குள்ள கேட்டிருக்கணுமாம், ரெண்டு வீடியோவுக்கு மேல பார்த்திருக்கக் கூடாதாம். எங்கேயோ அடியில பொடி எழுத்துல போட்டிருக்காங்க. போட்டிருக்காங்கதான், நான் பார்க்கல.

பேர் என்னன்னு கேட்பீங்க. நான் சேர்ந்தப்ப இருந்த பேர் இப்ப இல்லை. அதே ஆளுங்க, அதே அழுகை, வேற லோகோவுல நடத்துறாங்க. அதனால பேரை விட்டுட்டு முறையைப் பிடிச்சுக்குங்க. ஆள் சேர்த்தாக் காசுங்கிற சுழற்சித் திட்டத்தை 1978-லயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செஞ்சிருக்கு. 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகள்லயும் இப்படி ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கிற பிரமிடுத் திட்டம் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அதுல இருந்து நழுவத்தான் நடுவுல 'கோர்ஸ்'னு ஒரு பொருளை வைக்கிறாங்க.

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கே பொய்னு நான் சொல்லல. அமேசான்ல 1996-ல இருந்து இருக்கு. சேர்றதுக்கு ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். என் தம்பி வலை பொத்துறதை, போட் வேலையைப் படம் பிடிச்சு யூடியூப்ல போடுறான். அந்தச் சேனலை வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து அமேசான்ல அஃபிலியேட் கணக்கு ஆரம்பிச்சோம். நெத்தியில மாட்டுற சார்ஜ் லைட், தண்ணி புகாத போன் கவர், இப்படி நம்ம ஆளுங்க நிஜமாவே வாங்குற சாமான் லிங்கை வீடியோவுக்குக் கீழே போட்டோம். 'இதுல வாங்கினா எங்களுக்குக் கமிஷன் வரும்'னு எழுதியே போட்டோம், எழுதியாகணும். ஒருத்தர் லிங்கைத் தொட்டு 24 மணி நேரத்துக்குள்ள கூடையில போட்டாத்தான் கணக்கு. நம்ம லிங்க்ல நாமளே வாங்கினாச் சேராது. முதல் 180 நாள்ல மூணு விற்பனையாவது ஆகலேன்னா கணக்கையே மூடிடுவாங்க. எங்களுக்கு மூணு மாசத்துல நாலு வித்துச்சு. கமிஷன் எல்லாம் சேர்த்து 112 ரூபாய். ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கூட வராது. ஆனா லைட்டு வாங்கினவர் அதை நெத்தியில மாட்டிக்கிட்டுக் கடலுக்குப் போறார். அவர் யார்கிட்டயும் அதை விக்க வேண்டியதில்லை.

பணம் கட்டி மாட்டினவங்க 1930-க்கு உடனே போன் போடுங்க. இல்லேன்னா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்-ல புகார் பதியுங்க. கட்டின ரசீது, யூபிஐ நம்பர், சாட், டேஷ்போர்டு எல்லாத்தையும் குரூப்ல இருந்து தூக்குறதுக்கு முன்னாடியே படம் எடுத்து வச்சுக்கங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்குத்தான் காசை வழியில நிறுத்த முடியும். நான் ரெண்டு மாசம் கழிச்சுப் புகார் கொடுத்தேன், அதுக்குள்ள அது எத்தனை கணக்கு தாண்டிப் போச்சோ. நுகர்வோர் புகாருக்கு 1915 இருக்கு. இன்னொண்ணு. நான் புலம்பி ஒரு கமெண்ட் போட்டேன், அதைப் பார்த்துட்டு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தார். போன பணத்தை மீட்டுத் தருவாராம், 1,500 ரூபாய் ஃபீஸ் மட்டும் முன்னாடி கட்டணுமாம். புண்ணுல உட்கார்ற ஈ மாதிரி இவங்க ஒரு தனிக் கூட்டம்.

மதினிக்கு 2,499-ஐத் திருப்பிக் கொடுத்துட்டேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க, ஆனா அதுக்கப்புறம் என் ஸ்டேட்டஸை அவங்க பார்க்கிறதில்லை. சின்னம்மா மகளுக்கு மாசம் ஆயிரம் ஆயிரமாக் கொடுத்துத் தோட்டை மீட்டாச்சு. என்னோட 6,999-ஐயும் சேர்த்து, வந்த 1,500-ஐக் கழிச்சா, கைவிட்டுப் போனது 14,997 ரூபாய். அவங்களோட பெரிய பேக்கேஜுக்கு ரெண்டு ரூபாய்தான் குறைச்சல்.

அந்த நோட்டு இன்னும் இருக்கு. போன மாசத்துல இருந்து அதை எடுத்து வச்சுக்கிட்டு, பேர் பக்கத்துல ஸ்டார் போட்டிருந்தவங்கள்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தருக்காப் போன் பண்ணி, 'என் ஸ்டேட்டஸ்ல பார்த்தது பொய், சேர்ந்துடாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டு வர்றேன். 23 பேர் முடிஞ்சிருக்கு. ரெண்டு பேர் ஏற்கெனவே வேற யார் மூலமாவோ சேர்ந்துட்டாங்க. மிச்சம் 40 பேர்ல பாதிப் பேருக்கு நம்பர் மாறிப்போச்சு. அவங்க கண்ணுல படட்டும்னுதான் இங்கே எழுதுறேன்.