ஜெர்மன் படங்களோடு இரண்டரை வருடம்: பி1-லிருந்து பி2 வரை

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் வந்து இறங்கியபோது கையில் ஜெர்மன் மொழித் தேர்வின் பி1 சான்றிதழ் இருந்தது, அது நடுத்தர நிலை, அதற்கு அடுத்த படி பி2. பேக்கரியில் ரொட்டி வாங்கவும் வீட்டு ஓனருக்கு மெயில் எழுதவும் அது போதும். ஆனால் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் கலந்து பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதிகூடப் பிடிபடாது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் தெரிந்த சொற்கள்தான். புத்தகத்தில் 'ஹஸ்ட் டு' என்று படித்தது இவர்கள் வாயில் 'ஹஸ்ட' ஆகிறது, 'ஐனென்' வெறும் 'நென்' ஆகிறது, 'நிஷ்ட்' என்பதில் கடைசி எழுத்தே காணாமல் போகிறது. இதற்கு இன்னொரு கிராமர் புத்தகம் உதவாது என்று புரிந்ததும் ஜெர்மன் படங்களைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் மூன்று மாதம் வீண். ஆங்கில சப்டைட்டிலோடு வரிசையாகப் படம் பார்த்தேன், கதை புரிந்தது, காதில் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் ஜெர்மனில் டப் செய்த அமெரிக்கத் தொடர்களுக்குப் போனேன். அது இன்னும் குழப்பம், ஏனென்றால் டப்பிங் வசனத்தையும் சப்டைட்டிலையும் பெரும்பாலும் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள், காதில் கேட்பது ஒன்று, திரையில் வருவது வேறொன்று. ஜெர்மனிலேயே எடுத்த படம், ஜெர்மன் சப்டைட்டில் என்ற முடிவுக்கு வந்த பிறகுதான் முன்னேற்றமே தொடங்கியது. இதற்கு ஏஆர்டி, இசட்டிஎஃப் என்ற பொதுத் தொலைக்காட்சிகளின் மேடியாடெக்குகள், அதாவது இணைய வீடியோ தளங்கள், போதும். காது கேளாதவர்களுக்கான ஜெர்மன் சப்டைட்டில் பெரும்பாலான படங்களுக்கு உண்டு. இங்கே வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் எப்படியும் கட்டுகிறோம், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே விஷயம், படங்கள் கொஞ்ச நாள்தான் அங்கே இருக்கும், பிடித்ததை உடனே பார்த்துவிட வேண்டும்.

பி1 முடித்தவர் எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று கேட்டால் என் பதில் 2011-இல் வந்த 'அல்மான்யா'. 1960-களில் துருக்கியிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் குடும்பக் கதை. அதில் துருக்கியர்கள் தங்களுக்குள் பேசுவது தெளிவான ஜெர்மனில் இருக்கும், அவர்கள் ஜெர்மனியில் வந்து இறங்கும்போது ஜெர்மானியர்கள் பேசுவது யாருக்கும் புரியாத உளறலாக இருக்கும். வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் அப்படித்தான் கேட்டது. அந்தக் காட்சியில் அழுதுவிட்டேன்.

அடுத்தது 'லோலா ரென்ட்', 1998. காதலன் மான்னிக்காக லோலா இருபது நிமிடத்தில் ஒரு லட்சம் மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) திரட்ட வேண்டும், ஒரே கதை மூன்று தடவை ஓடும். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியவனுக்கு இதைவிட வசதியான படம் கிடையாது. நடுவில் சிவப்பு வெளிச்சத்தில் இருவரும் படுத்துக்கொண்டு பேசும் இடத்தில், நான் இப்போது செத்துப்போனால் நீ என்ன செய்வாய் என்று மான்னி கேட்பான். அங்கே 'வ்யூர்ட' (ஆங்கில 'would' மாதிரி) என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று கவனியுங்கள். வகுப்பில் பல வாரம் படித்தும் ஒட்டாத 'கோன்யுங்டிவ்', அதாவது 'இப்படி நடந்தால்' என்று கற்பனையாகப் பேசும் வினை வடிவம், அந்தச் சில நிமிடப் பேச்சை ஏழெட்டு தடவை கேட்டதில் ஒட்டிக்கொண்டது.

எனக்கு நிஜமாகவே கதவைத் திறந்தவை 'மால்', 'டோக்', 'ஹால்ட்', 'ஷோன்' மாதிரியான குட்டிச் சொற்கள். அகராதியில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் பத்து அர்த்தம் போட்டிருக்கும், ஆங்கில சப்டைட்டிலில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தமிழில் யோசித்தால் கஷ்டமே இல்லை. 'கோம் ஹேர்' என்றால் இங்கே வா, 'கோம் மால் ஹேர்' என்றால் கொஞ்சம் வாயேன். 'டாஸ் வைஸ்ட் டு டோக்' என்பது உனக்குத்தான் தெரியுமே. 'டாஸ் இஸ்ட் ஹால்ட் ஸோ' என்பது அது அப்படித்தான், என்ன பண்றது. நம்முடைய ஏகாரமும் 'தான்'உம் செய்கிற வேலையை அங்கே இவை செய்கின்றன. அதிலிருந்து நோட்டில் வசனத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலம் எழுதுவதையே நிறுத்திவிட்டேன், தமிழ்தான். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கமானதுதானே, அதுவரை காத்திருக்க நம் காதுக்குத் தெரியும்.

'டாஸ் லேபன் டேர் ஆண்டரன்' 2006-இல் வந்தது, 1984-இல் கிழக்கு பெர்லினில் ஸ்டாசி என்ற கிழக்கு ஜெர்மன் ரகசியப் போலீஸின் உளவாளி ஒருவர் ஒரு நாடக ஆசிரியரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் கதை. நிறுத்தி நிதானமாகப் பேசும் அலுவலக ஜெர்மனுக்காகத்தான் எடுத்தேன். தொடக்கத்தில் விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலித் துணியை மோப்ப நாய்க்காக எடுத்துவைப்பார்கள். பார்த்து இரண்டு வாரம் கழித்து இங்கே பழைய ஸ்டாசி அலுவலகத்தில் இருக்கும் 'ரூண்ட எக்க' அருங்காட்சியகத்துக்குப் போனபோது, அந்த மாதிரி வாசனைத் துணி அடைத்த கண்ணாடி ஜாடிகள் எதிரில் இருந்தன. விளக்கப் பலகையை அகராதி இல்லாமல் படித்து முடித்தேன். அந்தச் சொற்கள் இனி மறக்காது.

சினிமா தராததையும் சொல்ல வேண்டும். பேச்சு தானாக வராது. தினமும் பத்து நிமிடம் வசனத்தை நிறுத்தி, அதே வேகத்தில் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வாய் பழகியது. எழுத்து சுத்தமாக வராது. பி2 தேர்வில் கேட்டல் பகுதியில் 87 வாங்கினேன், எழுத்தில் 66, தேறவே 60 வேண்டும். கருத்துக் கட்டுரை எழுத வகுப்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. உள்ளூர் வட்டார வழக்கான ஸாக்ஸன் பேச்சுக்கும் இந்தப் படங்கள் உதவவில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி 'நு' என்றால் ஆமாம் என்று அர்த்தம் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஞாயிறு இரவு 8.15-க்கு 'டாட்டோர்ட்' பார்க்கிறேன், 1970-லிருந்து ஓடுகிற துப்பறியும் தொடர், ஊருக்கு ஊர் வேறு போலீஸ் ஜோடி. போன வாரம் ம்யூன்ஸ்டர் கதை ஒன்றை மேடியாடெக்கில் சப்டைட்டில் இல்லாமல் பார்த்தேன். அதில் வரும் பிரேதப் பரிசோதனை மருத்துவர், பேராசிரியர் போர்ன, சுற்றிவளைத்துப் பேசுகிற இடத்தில் மட்டும் இரண்டு தடவை பின்னால் ஓட்ட வேண்டியிருந்தது.