பாட் ஆஃப் கிரெமிஸ்டா: கருவாட்டுக் கிட்டங்கியில் பிறந்த கப்பல் முதலாளி

பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல், சுருக்கமாக பி. அண்ட் ஓ., என்ற கப்பல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஆர்தர் ஆன்டர்சன் 1792இல் பிறந்த வீடு, ஸ்காட்லாந்தின் வடகோடிக்கும் அப்பால், ஷெட்லாந்துத் தீவுகளின் தலைநகரான லெர்விக்கில் இன்றும் நிற்கிறது. பாட் ஆஃப் கிரெமிஸ்டா என்று அழைக்கப்படும் அந்தக் கற்கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மீன்பிடி நிலையமாக எழுந்தது. கிட்டங்கியும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த நிலையத்துக்கு ஆன்டர்சனின் தந்தைதான் பொறுப்பாளர். நான் சென்றபோது அது ஷெட்லாந்து நெசவு அருங்காட்சியகமாக இருந்தது. போர்க்கப்பலில் வேலை பார்த்த ஒருவர் பெருங்கம்பெனி ஒன்றின் தலைவரானது எப்படி என்று அறியும் ஆவலோடு வருபவரை இங்கே சால்வைகளும் கம்பளிச் சட்டைகளும் வரவேற்கும். அதைக் கண்டு முகம் சுளிக்காதவர்களுக்கு இந்த வீட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

லெர்விக்குக்குப் போகும் வழிகளில் கப்பலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நேராக லெர்விக்குக்குச் செல்லும் நாட்களில், அபர்டீனிலிருந்து மாலை ஏழு மணிக்குப் புறப்படும் நார்த்லிங்க் கப்பல் மறுநாள் காலை ஏழரை மணிக்கு லெர்விக்கைச் சேர்கிறது. இந்தத் தடத்தில் 2002 வரை ஓடியவை பி. அண்ட் ஓ. கொடியேந்திய கப்பல்கள். கம்பெனியைத் தொடங்கிய மனிதரின் ஊருக்கு அந்தக் கம்பெனியே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது என்பதை உடன்வந்த பயணிகளில் எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ தெரியாது. விடியற்காலையில் கப்பல் தெற்கிலிருந்து பிரெஸ்ஸே நீரிணைக்குள் நுழையும்போது மேல்தளத்தில் நிற்பது நல்லது. ஆன்டர்சன் தம் பணத்தில் 1862இல் நிறுவிய பள்ளியின் பழைய கட்டடமும், மனைவியின் நினைவாக 1865இல் கடலோடிகளின் விதவைகளுக்காகக் கட்டிக்கொடுத்த இல்லமும் இடப்பக்கத்தில் முதலில் தென்படும். அவர் பிறந்த வீடு துறைமுகத்தின் வட ஓரத்தில் இருப்பதால், கப்பலில் வருபவர் அவருடைய முதுமையை முதலிலும் பிறப்பைப் பிறகும் பார்க்கிறார். இறங்குதுறையிலிருந்து கிரெமிஸ்டாவுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அழகான நடையை எதிர்பார்க்க வேண்டாம், ஏனெனில் வழி நெடுகத் தொழிற்பேட்டை. எனக்கு அது உறுத்தவில்லை. ஆன்டர்சனின் சிறுவயதிலும் இது மீன் நாற்றமும் உழைப்பும் நிறைந்த கரையாகத்தான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்வது இடத்தின் சிறுமை. தடித்த சுவர்கள், சின்னச் சன்னல்கள், சில அறைகள், அவ்வளவுதான். தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கும் அருங்காட்சியகம் என்பதால், காட்சிப்பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பின்னத் தெரிந்தவரே பதில் சொல்லும் வாய்ப்பு அதிகம். ஷெட்லாந்து ஆட்டின் கழுத்துப்பகுதி மென்மயிரிலிருந்து நூற்ற இழையால் பின்னிய லேஸ் சால்வைகள் மண மோதிரத்துக்குள் இழுத்தால் நுழைந்து வெளிவரும் அளவுக்கு மெல்லியவை. பக்கத்திலேயே ஃபேர் ஐல் என்ற தீவின் பெயரால் அழைக்கப்படும் வண்ணக்கோலம் போட்ட கம்பளிச் சட்டைகள் உள்ளன. நூல்வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுவே போதும். ஆன்டர்சனைத் தேடி வந்தவருக்கும் இது அந்நியமானதல்ல. 1837இல், விக்டோரியா அரியணை ஏறிய ஆண்டிலேயே, ஷெட்லாந்துப் பெண்கள் பின்னிய மெல்லிய காலுறைகளை அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுத்து, லண்டன் நாகரிகச் சந்தையின் கண்ணில் இந்தக் கைவேலை படும்படி செய்தவர் அவர்தான். ஆகவே அவர் பிறந்த வீட்டில் கம்பளி குடியேறியதை ஒரு தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இது ஆன்டர்சனுக்கென்று அமைந்த நினைவகம் அன்று. அவருடைய வாழ்க்கையை ஓரளவு தெரிந்துகொண்டு போனால்தான் இந்தச் சுவர்கள் பேசும் என்பதால் அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிடித்த மீனைப் பிளந்து உப்பிட்டுக் கடற்கரைக் கூழாங்கற்களின் மேல் பரப்பிக் காயவைக்கும் வேலைக்கு அக்காலத்தில் சிறுவர்களை வைத்துக்கொள்வார்கள். ஆன்டர்சனின் முதல் வேலை அதுதான். பிரெஸ்ஸே தீவில் தாமஸ் போல்ட் என்பவரிடம் கருவாடு காயவைத்த பையன், எழுத்தும் கணக்கும் நன்றாக வந்ததால் அவருடைய எழுத்துவேலைக்கு உயர்ந்தான். நெப்போலியனோடு நடந்த போருக்காகக் கடற்படை ஆட்பிடிக் கும்பல்கள் ஷெட்லாந்து இளைஞர்களை வலுக்கட்டாயமாக இழுத்துப்போன காலம் அது. அவர்கள் கையில் ஆன்டர்சனும் சிக்கியதாகவும், வயது வந்ததும் தானாகவே சேர்வான் என்று வாக்குக் கொடுத்து போல்ட் மீட்டதாகவும் சொல்வார்கள். 1808இல் அவர் கடற்படையில் சேர்ந்தார். ‘நன்றாகச் செய், விடாமல் முயல்’ என்று போல்ட் விடைகொடுத்தனுப்பிய சொற்களே பிற்காலத்தில் ஆன்டர்சன் பள்ளியின் குறிக்கோள் வாசகமாயின.

கடற்படையில் அவர் மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி நிலை அதிகாரியாகச் சேர்ந்து, பின்னர் கப்பல் தலைவரின் எழுத்தரானார். அதிகாரியாக மேலேறுவதற்குக் குடும்பச் செல்வமும் செல்வாக்கும் வேண்டியிருந்த காலத்தில் இரண்டும் இல்லாத ஒருவருக்கு அது ஒரு பக்கவாட்டுப் பாதை. ஆன்டர்சனைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பீரங்கிப் புகையிலும் புயலிலும் பெற்ற துணிச்சலே அவரைக் கம்பெனித் தலைவராக்கியது என்று நம்புவது நமக்குப் பிடித்திருக்கிறது. உண்மையில் அவர் அங்கே செய்தது ஆட்கணக்குப் பதிவேட்டை எழுதுவது, சரக்கிருப்பைச் சரிபார்ப்பது, கடிதங்களுக்குப் படியெடுப்பது. நூற்றுக்கணக்கானோர் வாழும் ஒரு மிதக்கும் ஊருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு கயிறு, எவ்வளவு சம்பளப் பாக்கி என்று ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகியவருக்கு, ஒரு கப்பலை ஓட்ட ஆகும் செலவு விரல்நுனியில் இருந்திருக்கும். போல்ட்டின் கணக்கறை, போர்க்கப்பலின் கணக்கறை, பின்னர் லண்டன் அலுவலகம் என்று அவருடைய பாதை நான் பார்த்தவரை நேர்கோடாகவே செல்கிறது. வெளித்தோற்றத்தில்தான் அது விசித்திரமான பாதை.

போர் முடிந்து 1815இல் போர்ட்ஸ்மவுத்தில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர் கையில் காசில்லாமல் லண்டன் போய்ச் சேர்ந்து, வேலையின்றி அலைந்தார். உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமான ஸ்கார்பரோ கப்பல் உரிமையாளர் கிறிஸ்டோபர் ஹில், கப்பல் தரகர் பிராடி வில்காக்ஸின் அலுவலகத்தில் அவரை எழுத்தராகச் சேர்த்துவிட்டார். ஹில்லின் மகளை 1822இல் மணந்த ஆன்டர்சன், சிறிது காலத்தில் வில்காக்ஸின் கூட்டாளியும் ஆனார். சிறு பாய்க்கப்பல்களை வைத்துக்கொண்டு போர்ச்சுகலோடும் ஸ்பெயினோடும் வணிகம் செய்த அந்த நிறுவனம், 1830களில் அவ்விரு நாடுகளிலும் மூண்ட உள்நாட்டுப் போர்களில் அரசிகளின் கட்சிக்குக் கப்பல்களை அமர்த்தித் தந்தது. கட்சி ஜெயித்தது, வணிகமும் வளர்ந்தது. பி. அண்ட் ஓ. கொடியில் உள்ள நீலமும் வெள்ளையும் போர்ச்சுகலின் அரச வண்ணங்கள், சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயினுடையவை.

கம்பெனியின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் 1837 ஆகஸ்ட் 22, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்துக்குத் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை பிரிட்டிஷ் அரசிடமிருந்து பெற்ற நாள். அடுத்த மாதமே ஒப்பந்தத்தின் முதல் கப்பலான டான் வானில் ஆன்டர்சன் மனைவியோடு பயணம் செய்தார். திரும்பும் வழியில், மூடுபனியில், ஸ்பெயினின் தென்முனையான தாரிஃபா அருகே கப்பல் பாறையில் மோதி உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆன்டர்சன் ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்து, தபாலோடு ஜிப்ரால்டர் போய் உதவி கேட்டார். கம்பெனியின் புத்தம்புதிய நீராவிக்கப்பல் கண்ணெதிரே போன வேளையிலும் தபால் பைகளை முதலில் நினைத்த அந்தப் புத்தியை நான் வியக்கிறேன். கப்பலைக் காப்பீடு ஓரளவு ஈடுசெய்யும். தபால் போனால் ஒப்பந்தமே போயிருக்கும்.

1840இல் அரச சாசனம் கிடைத்தது. 1842 செப்டம்பரில் ஹிந்துஸ்தான் என்ற துடுப்புச்சக்கர நீராவிக்கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. கல்கத்தாவுக்கும் சூயஸுக்கும் இடையே ஓடிய கம்பெனிக் கப்பல்கள் சென்னையிலும் இலங்கையின் காலியிலும் நின்றன. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சீமைத் தபாலும் துரைமாரும் மசூலாப் படகுகளில் அலை தாண்டித்தான் கரையேறினார்கள். படகின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, அந்த அலையில் அதைச் செலுத்தத் தெரிந்த நம் கரையோர மக்களின் திறமை இல்லாமல் அந்தத் தபால் சேவையின் கடைசி மைல் நடந்திருக்காது. பின்னாளில் சென்னைத் துறைமுகத்தின் சரக்குப்பெட்டக முனையத்தை 2001 முதல் நடத்தியதும் பி. அண்ட் ஓ.வின் துறைமுகப் பிரிவுதான். 2006இல் துபாயின் டிபி வேர்ல்டு அக்கம்பெனியையே வாங்கியபோது முனையமும் கைமாறியது.

இந்த வளர்ச்சியில் மனத்துக்கு ஒவ்வாத பக்கமும் உண்டு. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன அபினியை ஏற்றிச் சென்று பி. அண்ட் ஓ. நல்ல லாபம் பார்த்தது. கொதிகலன் அறையிலும் தளத்திலும் உழைத்த, லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளுக்கு ஐரோப்பிய மாலுமிகளைவிட மிகக் குறைந்த கூலியே கிடைத்தது. ஷெட்லாந்தில் ஏழைகளின் காவலர் என்று ஆன்டர்சன் போற்றப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. பிடித்த மீனை நிலவுடைமையாளரிடமே கொடுத்தாக வேண்டும், அவர் வைத்ததே விலை என்றிருந்த வழக்கத்தை உடைக்க அவர் வைலா தீவைக் குத்தகைக்கு எடுத்து 1837இல் மீன்பிடிக் கம்பெனி தொடங்கினார். பின்னல்வேலை செய்த பெண்களுக்கும் காசுக்குப் பதிலாகத் தேயிலையும் துணியும்தான் கடைக்காரர்கள் தந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அழகிய சால்வையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தம் ஊரின் கூலிமுறையில் இவ்வளவு தெளிவாகக் கண்ட அநியாயத்தைத் தம் கப்பலின் அடித்தளத்தில் அவர் காணாதது எனக்கு இன்னும் நெருடலாகவே இருக்கிறது.

1847 முதல் 1852 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், வில்காக்ஸ் 1862இல் இறந்தபின் கம்பெனித் தலைவரானார் என்பவை வழக்கமான விவரங்கள். அவற்றைவிட எனக்குச் சுவையாகப் பட்டது ஒரு விளம்பரம். ஷெட்லாந்துக்கென்று தாம் தொடங்கவிருந்த பத்திரிகையின் 1835ஆம் ஆண்டு மாதிரிப் பிரதியில், ஷெட்லாந்து, ஃபாரோ, ஐஸ்லாந்து ஆகிய தீவுகளைச் சுற்றிவர உல்லாசக் கப்பல் பயணம் என்று அவர் ஒரு விளம்பரம் போட்டார். அப்படி ஒரு கப்பலே கிடையாது, பக்கத்தை நிரப்புவதற்கான கற்பனைதான். ஏறக்குறைய பத்தாண்டு கழித்து அவருடைய கம்பெனி மத்தியதரைக்கடலில் உல்லாசப் பயணங்களை உண்மையாகவே நடத்தத் தொடங்கியது. இன்று கோடையில் லெர்விக்கில் வந்து நிற்கும் பெரிய உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்கும் கூட்டம் அந்தக் கற்பனை விளம்பரத்தின் வாடிக்கையாளர்கள்தாம் என்று சொன்னால் மிகையாகாது. அவர்களில் பெரும்பாலோர் ஊர்மையத்தோடு திரும்பிவிடுவதால் கிரெமிஸ்டாவில் நெருக்கடி இல்லை.

நான் சென்றபோது நுழைவுக்கட்டணம் சிறியதாக இருந்தது. கோடை மாதங்களில் மட்டுமே, அதுவும் வாரத்தின் சில நாட்களில் மட்டுமே திறந்தார்கள் என்பதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம். வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. பின்னல்வேலையில் ஈடுபாடு உள்ளவர் உடன்வந்தால் இருமடங்கு ஒதுக்குங்கள். மீன்பிடி வாழ்க்கை, படகுகள், கடல்வரலாறு ஆகியவற்றை விரிவாகப் பார்க்க ஹேஸ் டாக்கில் உள்ள ஷெட்லாந்து அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் முதலில் ஹேஸ் டாக், பிறகு கிரெமிஸ்டா என்ற வரிசையே சிறந்தது. மாலைக் கப்பலைப் பிடிக்கும் இறங்குதுறை கிரெமிஸ்டாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், மூட்டை முடிச்சோடு திரும்பவும் ஊருக்குள் அலையவேண்டி இராது.