உயர்ந்த பிளாட்பாரமா, சமதளத் தெருவா? வேலூருக்கு எது சரி?

சி.எம்.சி. மருத்துவமனை முன்னால் போகும் ஐடா ஸ்கடர் சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும், லாட்ஜிலிருந்து யாரையாவது வீல்சேரில் தள்ளிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவே, ரோட்டில்தான் தள்ளுவார்கள். அத்தைக்கு இடுப்பு உடைந்த வருடம் நானும் மூன்று மாதம் இப்படித்தான் தள்ளினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தெருவை மாற்ற வழிகள் மூன்று. மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, நமக்குப் பழகிய உயர்ந்த பிளாட்பாரமும் அங்கங்கே சாய்தளமும். ரோடுகளுக்கான தரத்தை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதை 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. அதாவது 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம். பிளாட்பாரம் ஒரு அடி உயர்ந்துவிட்டால் மூன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் பல ஊர்களில் சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம் கட்டி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு ஒவ்வொரு கேட்டுக்கும் பிளாட்பாரத்தை இறக்கி ஏற்றுவார்கள். "ஏன்டா, இது ரோடா, ரங்கராட்டினமா?" என்று அத்தை கேட்டது இப்படி ஓரிடத்தில்தான். சாய்தளம் ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு அங்குல விளிம்பு நின்றாலும் சின்ன முன்சக்கரம் முட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்து ஏற்றுவதுதான் வழி.

இரண்டாவது, பிளாட்பாரமும் ரோடும் ஒரே மட்டத்தில் இருக்கும் சமதளத் தெரு. அத்தைக்கு இதுதான் சொர்க்கம். ஆனால் ஆற்காட்டு நண்பர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. அவருக்கோ பிளாட்பாரத்தின் விளிம்புதான் சுவர், பிரம்பு அதில் தட்டுவதை வைத்துத்தான் நேராக நடக்கிறார். விளிம்பை எடுத்துவிட்டால் ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் இப்படிப் போட்ட தெருக்களைப் பார்வையற்றோர் எதிர்த்தார்கள். 2018-இல் அரசே புதிதாகப் போடுவதை நிறுத்திவைக்கச் சொன்னது. நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. பைக் வராமல் தூண் நட்டால், வீல்சேர் நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும். வண்டியே விடாத கடைத்தெரு என்றால் சரி, லாங் பஜாரில் பகல் நேரத்துக்கு மட்டும் இதைச் செய்து பார்க்கலாம்.

பார்வையற்றோர் தடவி அறியும் மஞ்சள் டைல்ஸ் போட்டால் தீராதா என்பீர்கள். ஜப்பானில் செயிச்சி மியாகே 1965-இல் உருவாக்கியது அது. கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும். இங்கே அதைக் கோலம் மாதிரி போட்டு, கரண்ட் கம்பத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள்.

மூன்றாவது என் கட்சி: பிளாட்பாரத்தைத் தாழ்வாக வைத்து, கடக்கும் இடத்தில் ரோட்டையே அதன் உயரத்துக்குத் தூக்கிவிடுவது. ஏறி இறங்குவது கார்களின் வேலை, நடப்பவர் நேராகப் போகலாம். வண்டியும் மெதுவாகும். குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழைத் தண்ணீர் அந்த மேட்டில் தேங்கும், கீழே குழாய் போட்டாக வேண்டும். ஆம்புலன்ஸ் போகும் பெரிய ரோட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் நோயாளிதான் குலுங்குவார். அங்கே சிக்னலும் ஒழுங்கான சாய்தளமும் போதும். சந்துகள் பெரிய ரோட்டைத் தொடும் இடங்களில் இந்த மேடைதான் சரி.

எதைப் போட்டாலும் உடைந்த ஸ்லாப், துருத்தும் கல் கூடாது. தொழுநோயால் பாதம் மரத்தவருக்குக் காலில் கீறியது வலிக்காது, புண்ணான பிறகுதான் தெரியும். தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரி பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தது இங்கேதான். பாகாயத்தில் 1966-இலேயே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. அங்கே நாற்காலி ஓட்டப் பழகுகிறவர் கேட்டைத் தாண்டினதும் மாட்டிக்கொள்வது ரோட்டில்தான்.

என் மூன்றாவது வழியை அந்த ஆற்காட்டு நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மேடை ஆரம்பிக்கிற இடத்துல புள்ளி டைல்ஸ் போட மறந்துட்டாங்கன்னா, பிளாட்பாரம்னு நினைச்சு நான் நடு ரோட்டுக்கே போயிடுவேன்."